முண்ணாண் ஊறும் முழுவாழ்வும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் புதிய மருந்துகளையும் புதிய கருவிகளையும் கண்டுபிடித்தோரின் பெயர்களை நிரல்படுத்திச் செல்வர். அம்மைப்பால் குத்தலும் பெனிசிலினும் அவ்வாறான வரலாற்றிலே சிறப்பிடம் பெறுவன. ஆயின், நோயின் மூலத்தைத் தீர்க்கும் மருந்து எதுவும் கண்டறியப்படாத நிலையிலும் நோயுற்றோரின் வாழ்வு அடியோடு மாறியமைக்கு ஒரு சான்று உண்டு. முண்ணாண் ஊறுற்றோரின் வரலாறே அது. அறுந்த முண்ணாணைப் பொருத்தி முன்போல் இயங்கச் செய்யும் சிகிச்சை இன்றுவரை மருத்துவத்துக்குக் கைவரவில்லை. எனினும், ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் சில வாரங்களிலோ மாதங்களிலோ மாண்டிருக்கக் கூடியவர்கள் இன்று பல பத்தாண்டுகள் வாழ்கின்றனர், கல்வி கற்கின்றனர், தொழில் புரிகின்றனர், இல்லறம் நடத்துகின்றனர். ஊறு மாறாதிருக்க வாழ்வு மாறியது எங்ஙனம்? இவ்வினாவுக்கு வரலாற்றினின்றும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முண்ணாணும் அதன் ஊறும்

மூளையினின்றும் புறப்பட்டு, முள்ளந்தண்டென்புகளின் நடுவேயுள்ள கால்வாயினூடாகக் கீழிறங்கும் நரம்புத் தொகுதியே முண்ணாண் ஆகும். உடலை இயக்கும் ஏவல்கள் மூளையிலிருந்து அதன் வழியே கீழே செல்கின்றன; தொடுகை, நோவு, வெப்பம் முதலிய உணர்வுகள் அதன் வழியே மேலே செல்கின்றன. கழுத்துப் பகுதியில் அது சிதைவுறின் கைகளும் கால்களும் ஒருங்கே செயலிழக்கும். முதுகுப் பகுதியிற் சிதைவுறின் கைகள் தப்ப, கால்களும் இடைக்குக் கீழுள்ள பகுதியும் செயலிழக்கும். தோலின் உணர்வும், சிறுநீர், மலம் ஆகியவற்றை அடக்கும் ஆற்றலும் உடன் நீங்கும். அறிவும் நினைவும் பேச்சும் முன்போலவே இருக்கும். சிந்தை குன்றாத ஒருவர் தம் உடலின் பெரும்பகுதியை உணரமாட்டாதவராக ஒரு நொடியில் ஆகிவிடுவதே இவ்வூற்றின் தனிக் கொடுமை எனலாம்.

எனினும், இவ்வாறு ஊறுற்றவரைப் பண்டு கொன்றது பெரும்பாலும் முறிந்த முள்ளந்தண்டன்று என்பது மனங்கொளத்தக்கது. உறங்கும் மனிதர் இரவிற் பன்முறை தம்மையறியாமலே புரண்டு படுக்கின்றனர். ஒரே பக்கமாகக் கிடத்தலால் எழும் மெல்லிய நோவே அவ்வாறு புரளச் செய்கிறது. நோவறியாத உடல் புரள்வதில்லை. எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே நெரிபடும் தசையில் குருதியோட்டம் தடைப்பட, சில மணித்தியாலங்களில் அது இறக்கத் தொடங்குகிறது, படுக்கைப்புண் தோன்றுகிறது, அது எலும்பு வரை ஆழ்ந்து குருதியை நஞ்சாக்குகிறது. மறுபுறத்தில், தானாக வெளியேற மாட்டாத சிறுநீர் பையிலே தேங்கிக் கிருமிகளுக்கு உறைவிடமாகிச் சிறுநீரகங்களை அழிக்கிறது. இவ்விரண்டுமே பெருங்கொலைஞராக விளங்கின. இவை முண்ணாண் ஊற்றினால் விளையும் கேடுகளேயாயினும், அதனின்றும் பிரிக்கத்தக்கவை; தடுக்கத்தக்கவை. இவ்வுண்மை உணரப்படுவதற்கு மனித குலம் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பண்டைத் தீர்ப்பு

இவ்வூறு பற்றிய மிகப் பழைய குறிப்பு எகிப்திலே கிடைத்துள்ளது. 1862ஆம் ஆண்டில் எட்வின் சிமித் என்னும் அமெரிக்கர் லுக்சோர் நகரிலே விலைக்கு வாங்கிய பப்பைரசுச் சுருள் ஒன்று, அவர் பெயராலேயே இன்று வழங்குகிறது. கி. மு. 17ஆம் நூற்றாண்டளவில் எழுதப்பட்டதெனக் கருதப்படும் அச்சுருள், அதனினும் பழையதொரு நூலின் பிரதி என்பர். 1930ஆம் ஆண்டில் பிரெஸ்ரெட் என்னும் அறிஞர் அதனை மொழிபெயர்த்து வெளியிட்டார். 48 நோயாளரின் நிலைமைகள் அதில் ஒழுங்குபட விவரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் இறுதியிலும் மருத்துவன் மூன்று தீர்ப்புகளுள் ஒன்றை வழங்குகிறான்: சிகிச்சை செய்யத்தக்கது, போராடிப் பார்க்கத்தக்கது, சிகிச்சை செய்யத்தகாதது. கழுத்தென்பு விலகியமையால் கைகால்களை உணராது, சிறுநீர் கட்டுப்பாடின்றி ஒழுகக் கிடக்கும் மனிதனுக்கு வழங்கப்பட்டது மூன்றாவது தீர்ப்பேயாகும்.

அறியாமையின் வெளிப்பாடென்று இத்தீர்ப்பை இகழ்தல் பொருந்தாது. எகிப்திய மருத்துவன் ஊற்றினை நுணுகி நோக்கினான். தன் ஆற்றலின் எல்லையை அறிந்து கூறினான். ஆனால் அவனுக்குப் பின்வந்தோர் அத்தீர்ப்பைப் பெரும்பாலும் மீள ஆராயாமலே வழிவழியாக ஏற்றுக்கொண்டனர். 1805ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆம் திகதி திரபல்கர்க் கடற்போரில் ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சன் சுடப்பட்டபோது, குண்டு அவரது முள்ளந்தண்டைத் துளைத்தது. உடலின் கீழ்ப்பகுதியில் உணர்வில்லை என்பதை அவரே கப்பல் வைத்தியருக்கு எடுத்துரைத்தார். செய்யத்தக்கது எதுவுமில்லை என்பதை வைத்தியரும் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. சில மணித்தியாலங்களில் அவர் உயிர் நீங்கிற்று. எகிப்தியனின் தீர்ப்புக்கும் ஆங்கிலக் கப்பல் வைத்தியரின் தீர்ப்புக்கும் இடையே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழிந்திருந்தன, தீர்ப்பு மாறவில்லை.

1914 தொடக்கம் 1918 வரை நிகழ்ந்த முதலாம் உலகப் போரிலே குண்டுகளாலும் எறிகணைகளாலும் முள்ளந்தண்டு சிதைந்த போர்வீரர் பெருந்தொகையினர் ஆயினர். அவர்களுட் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டனர். எஞ்சியோர் வைத்தியசாலைகளின் மூலைகளிலே ஆற்றுவாரின்றிக் கிடந்தனர். அவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து முடிவை எதிர்பார்த்திருத்தலே இரக்கமுள்ள சிகிச்சை என எண்ணப்பட்டது. இந்நிலைக்கு மாறாக, அமெரிக்காவில் பொஸ்ரன் நகர வைத்தியசாலையிலே டொனால்ட் மன்றோ என்பார் 1936ஆம் ஆண்டில் இத்தகைய நோயாளருக்கென ஒரு தனிப் பிரிவினை நிறுவினார். சிறுநீர்ப்பையைப் பேணும் முறைகளில் அவர் செய்த பணி குறிப்பிடத்தக்கது. அவர் தொடங்கிய வழியினை ஒரு முழுமையான வாழ்க்கை நெறியாக விரித்தவர், தாய்நாட்டினின்றும் துரத்தப்பட்ட ஓர் அகதியாவார்.

சுரங்க நகரிலிருந்து ஒக்ஸ்போர்ட் வரை

லூட்விக் குட்மன் 1899ஆம் ஆண்டு அன்றைய ஜேர்மனியின் மேற்சைலீசியாப் பகுதியிலே யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். 1917ஆம் ஆண்டில், தமது பதினெட்டாவது வயதளவில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கான வைத்தியசாலை ஒன்றிலே அவர் தொண்டராகப் பணியாற்றினார். முதுகு முறிந்த இளம் தொழிலாளி ஒருவன் அங்குக் கொண்டுவரப்பட்டான். அவனைப் பற்றிக் குறிப்புகளை எழுத முற்பட்ட குட்மனிடம், அவன் சில வாரங்களில் இறந்துவிடுவான், குறிப்பு எழுதுவது வீண் என வைத்தியர் கூறினார். அவ்வாறே ஐந்து வாரங்களில் அவன் இறந்தான். உடல் வலிமை வாய்ந்த ஓர் இளைஞன் தடுக்கத்தக்க புண்ணாலும் தொற்றாலும் மாண்ட அந்நிகழ்ச்சி குட்மனின் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

பின்னர் மருத்துவம் பயின்ற குட்மன், பிரெஸ்லௌ நகரில் அக்காலத்துப் பெரும் நரம்பியல் அறிஞராகிய ஒட்பிரிட் போர்ஸ்ரரின் உதவியாளராயினார். 1933ஆம் ஆண்டில் நாசிகள் ஆட்சியைக் கைப்பற்றியதும் யூதராகிய அவர் அரசாங்கப் பதவியினின்றும் நீக்கப்பட்டு, அந்நகரின் யூத வைத்தியசாலையில் மட்டுமே பணியாற்றும் நிலைக்கு ஆளானார். 1937இல் அதன் பணிப்பாளராயினார். 1938ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் திகதி இரவு ஜேர்மனியெங்கும் யூதர் தாக்கப்பட்டபோது, வைத்தியசாலையை நாடி வருவோர் எவரையும் வினாவின்றி அனுமதிக்குமாறு அவர் பணித்தார். அவ்வாறு அனுமதிக்கப்பட்டோர் 64 பேர். மறுநாள் நாசிக் காவற்படையினர் வந்து விசாரித்தபோது, படுக்கை படுக்கையாகச் சென்று ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைக் கற்பித்துக் கூறி 60 பேரை வதைமுகாமினின்றும் அவர் காத்தார். 1939ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மனைவியுடனும் இரு மக்களுடனும் இங்கிலாந்தை அடைந்து, ஒக்ஸ்போர்ட்டிலே ஆராய்ச்சியாளராக அமர்ந்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பாவின் மேற்குக் கரையிலே படையிறக்கத் திட்டமிட்ட பிரித்தானிய அரசாங்கம், முண்ணாண் ஊறுற்ற வீரர் பெருந்தொகையாக வரக்கூடும் என்பதை எதிர்நோக்கியது. அவர்களுக்கெனத் தனிநிலையம் ஒன்றை அமைக்கும் பொறுப்புக் குட்மனிடம் ஒப்படைக்கப்பட்டது. தமது முறைப்படி சிகிச்சை நடத்தத் தமக்கு முழு உரிமை வேண்டும் என்பதே அவர் விதித்த நிபந்தனை. 1944ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆம் திகதி, இலண்டனுக்கு வடமேற்கே எயில்ஸ்பரி நகருக்கு அண்மையிலுள்ள ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையிலே அந்நிலையம் தொடங்கப்பட்டது.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை

ஸ்ரோக் மண்டவிலில் நிகழ்ந்த புரட்சியின் அடிப்படை மிக எளியது. அசையமாட்டாத நோயாளி ஒவ்வொருவரும் இரவிலும் பகலிலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கப்பட்டார். முதுகை நேராக வைத்திருக்கும் பொருட்டு அதுவரை வழங்கிவந்த சாந்துப் படுக்கைகளைக் குட்மன் அகற்றினார். அவற்றுக்குள் நோயாளர் உயிருடன் அழுகிக் கிடந்தமையை அவர் கண்டிருந்தார். சிறுநீரை வெளியேற்றும் குழாயினைக் கிருமி தொற்றாத வகையிற் கையாளுதல் கண்டிப்பான நெறியாக்கப்பட்டது. தொடக்கத்தில் அப்பணியை வைத்தியர்களே செய்தல் வேண்டும் என்பது அவரது கட்டளை. நள்ளிரவிலும் அவர் விடுதிக்கு வந்து, புரட்டும் பணி முறையாக நடைபெறுகின்றதா எனப் பார்வையிடுவதுண்டு. நோயாளர் அவரை அப்பன் என்னும் பொருள்படச் செல்லப் பெயரிட்டு அழைத்தனர். அப்பெயரில் அன்போடு அச்சமும் கலந்திருந்தது.

பெனிசிலினும் சல்பா மருந்துகளும் அக்காலத்தில் வழக்குக்கு வந்தமை இப்பணிக்குத் துணைபுரிந்தது உண்மையே. ஆயினும் மருந்து மட்டுமே இம்மாற்றத்தை விளைவித்ததெனக் கொள்ளல் தவறாகும். 1945ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் திகதி ஜேர்மனியில் நிகழ்ந்த மோட்டார் வாகன விபத்திலே அமெரிக்கத் தளபதி பற்றன் கழுத்தென்பு முறிந்து செயலிழந்தார். வெற்றி பெற்ற வல்லரசொன்றின் சிறந்த வைத்தியர்கள் சூழ்ந்திருந்தும் பன்னிரண்டாம் நாள் அவர் இறந்தார். புகழும் செல்வமும் அற்ற சாதாரண வீரர் பலர் அதே காலத்தில் ஸ்ரோக் மண்டவிலில் உயிர் பிழைத்தனர். கழுத்தூறு முதுகூற்றினும் கொடியது என்பதை நினைவிற் கொண்டாலும், இரவு முழுவதும் விழித்திருந்து உடல்களைப் புரட்டிய தாதியரதும் உதவியாளரதும் கைகளுக்கு இவ்வரலாற்றிலே உரிய இடம் உண்டு. அவர்களுடைய பெயர்களை வரலாறு பதிந்து வைக்கவில்லை.

உயிர் காத்தலோடு குட்மன் அமையவில்லை. உயிர் பிழைத்த மனிதன் படுக்கையிலே கிடந்து ஓய்வூதியம் பெறுவதை அவர் வாழ்வெனக் கருதவில்லை. வரி செலுத்தும் குடிமகனாக அவன் மீளுதல் வேண்டும் என்பதே அவரது குறிக்கோள். எனவே விடுதியின் அருகே தச்சுவேலை, மணிக்கூடு திருத்துதல், தட்டெழுத்து முதலிய தொழில்கள் பயிற்றப்பட்டன. காலை உணவின் பின் நோயாளர் ஓய்ந்திருக்க இடமளிக்கப்படவில்லை. இனி இறப்பதே கடன் என எண்ணி வந்த இளைஞர்கள், வேலைக்கு நேரமாயிற்று என எழுப்பப்பட்டனர்.

அம்புக்கூடமும் ஆடுகளமும்

விளையாட்டும் இந்நெறியின் ஒரு கூறாகவே புகுந்தது. செயலிழந்த காலுக்கு ஈடாகத் தோளும் கையும் வலுப்பெறல் வேண்டும். சக்கர நாற்காலியிலே நிலைதளராது அமரப் பழகல் வேண்டும். இவற்றுக்கு வில்வித்தை மிகப் பொருத்தமாயிற்று. வில்லை வளைப்பதற்குக் கால் வேண்டியதில்லை. கால் இயங்குவோரோடு சரிநிகராகவே போட்டியிடலாம். 1948ஆம் ஆண்டு யூலை 29ஆம் திகதி இலண்டனில் ஒலிம்பிக் விளையாட்டுகள் தொடங்கின. அதே நாளிலே ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையின் புற்றரையில், 14 ஆண்களும் 2 பெண்களுமாகப் பதினாறு பேர் இரு அணிகளாகப் பிரிந்து சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பெய்தனர். 1952இல் நெதர்லாந்திலிருந்து ஓர் அணி வர, போட்டி சருவதேசத் தன்மை பெற்றது. 1960ஆம் ஆண்டில் ஒலிம்பிக் நடைபெற்ற உரோம் நகரிலேயே 23 நாடுகளைச் சேர்ந்த 400 பேரளவில் கூடினர். அதுவே முதலாவது பராலிம்பிக் எனப் பின்னர் ஏற்கப்பட்டது. தொடக்கத்தில் முண்ணாண் ஊறுற்றோருக்கு மட்டுமே உரியதாயிருந்த அவ்விழா, 1976ஆம் ஆண்டில் ரொறன்ரோவிலே கண்பார்வையற்றோருக்கும் அவயவம் இழந்தோருக்கும் திறந்துவிடப்பட்டது.

உரோமிலே பிரித்தானியாவுக்கு முதலாவது தங்கப் பதக்கத்தை வென்றவர் மார்கரெற் மோன் என்னும் பெண்மணி. 1959ஆம் ஆண்டு ஆபிரிக்காவில் இன்று மலாவி என வழங்கும் நாட்டிலே விபத்துற்று, ஸ்ரோக் மண்டவிலிற் சிகிச்சை பெற்று, மறு ஆண்டே வில்வித்தையில் வென்றவர் அவர். 2012ஆம் ஆண்டு இலண்டன் பராலிம்பிக் தொடக்க விழாவிலே தீக்கலத்தை ஏற்றியவரும் அவரே. ஊற்றுக்கும் அத்தீக்கும் இடையே 53 ஆண்டுகள் கழிந்திருந்தன. பதக்கத்தைக் காட்டிலும் அவ்வாண்டுகளின் தொகையே இவ்வரலாற்றுக்குச் சான்று பகர்வது.

இவ்விழாக்களின் சமுதாயப் பயன் யாது என்பதற்கு யப்பானின் அனுபவம் நல்ல எடுத்துக்காட்டாகும். நக்கமுரா யுத்தக்கா என்னும் யப்பானிய வைத்தியர் 1960ஆம் ஆண்டில் ஸ்ரோக் மண்டவிலுக்குச் சென்று குட்மனின் முறைகளைக் கற்று மீண்டார். ஊனமுற்றோருக்கு விளையாட்டுப் போட்டி நடத்த அவர் முற்பட்டபோது, அவர்களைக் காட்சிப்பொருளாக்குவதாகப் பழி எழுந்தது. 1964ஆம் ஆண்டு நவம்பரில் ரோக்கியோவிலே பராலிம்பிக் நடைபெற்றது. யப்பானிய அணியினர் 53 பேர். அவர்களுட் பெரும்பாலோர் வைத்தியசாலைகளிலிருந்தும் பராமரிப்பு நிலையங்களிலிருந்தும் அழைத்து வரப்பட்டவர்கள். தொழில் உடையோர் மிகச் சிலரே. மேலைநாடுகளிலிருந்து வந்தவர்களோ தொழிலும் வீடும் குடும்பமும் உடையவர்களாய், போட்டி முடிந்ததும் நகரைச் சுற்றிப் பார்க்கச் செல்பவர்களாய் இருந்தனர். ஒரே ஊறு, இருவேறு வாழ்வு. இவ்வேற்றுமைக்குக் காரணம் உடலில் இல்லை என்பதை யப்பானியர் கண்கூடாகக் கண்டனர். மறு ஆண்டே நக்கமுரா பெப்பு நகரில் ‘சூரிய இல்லம்’ எனப் பொருள்படும் தொழில் நிலையத்தை நிறுவினார். இரக்கக் கொடைக்கு மாற்றாக வேலை வாய்ப்பு வழங்குதல் அதன் கொள்கை. 1972 தொடக்கம் ஒம்ரோன் போன்ற பெரு நிறுவனங்கள் அந்நிலையத்தோடு கூட்டுச் சேர்ந்து தொழிற்சாலைகளை அமைத்தன.

வேலூரில் ஒரு சத்திரசிகிச்சைக் கூடம்

தமிழ் நிலத்தோடு தொடர்புடையதோர் அத்தியாயமும் இவ்வரலாற்றில் உண்டு. கொச்சியிற் பிறந்து வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் பயின்ற மேரி வர்கீஸ் என்னும் இளம் வைத்தியர், 1954ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் தோழியரோடும் தோழரோடும் வாகனத்திற் சென்றபோது அது கவிழ்ந்தமையால் முள்ளந்தண்டு ஊறுற்று இரு கால்களும் செயலிழந்தார். மகப்பேற்று மருத்துவராக விரும்பியிருந்த அவரது எதிர்காலம் முடிந்துவிட்டதாகவே பலரும் கருதினர். அக்கல்லூரியிலே தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றிப் பொருத்தும் சத்திரசிகிச்சையால் நிமிர்த்திவந்த போல் பிராண்ட் என்னும் வைத்தியர், வேறொரு வழியைச் சுட்டினார். கைச் சத்திரசிகிச்சையை அமர்ந்தவாறே செய்யலாம். அதற்குக் கால்கள் வேண்டியதில்லை. அவ்வாறே மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்யலானார்.

இங்கு ஒரு மருத்துவ ஒப்புமை நோக்கத்தக்கது. கொல்லிமலையிற் பிறந்து வளர்ந்தவராகிய பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் தேய்ந்தழிவதற்கு நோய்க்கிருமி நேர்க்காரணம் அன்று, நோவுணர்ச்சி இழப்பே காரணம் என்பதை நிறுவியவர். சூடான பாத்திரத்தையும் குத்தும் முள்ளையும் உணராத கை தன்னைக் காத்துக்கொள்ள மாட்டாது. முண்ணாண் ஊறுற்றோரின் படுக்கைப்புண்ணுக்கும் இதுவே மூலம். உணர்விழந்த கைகளை உணர்விழந்த கால்களையுடைய வைத்தியர் ஒருவர் சீர்செய்தபோது, இருவருக்கும் பொதுவான பாடம் ஒன்று இருந்தது: உடல் தன் நோவால் எச்சரிக்காதவிடத்துக் கண்ணும் பழக்கமும் அப்பணியை ஏற்றல் வேண்டும். கண்ணாடி கொண்டு நாள்தோறும் தோலைப் பார்த்தலும், அமர்ந்திருக்கும்போது அடிக்கடி கையூன்றி உடலை உயர்த்துதலும் இன்று இத்தகையோருக்குப் பயிற்றப்படுவது இக்காரணம் பற்றியே.

மேரி வர்கீஸ் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் தம் அன்றாடத் தேவைகளைத் தாமே நிறைவேற்றப் பயிற்சி பெற்றார். பின்னர் நியூயோர்க்கிலே புனர்வாழ்வு மருத்துவத்தின் முன்னோடியாகிய ஹவார்ட் றஸ்க்கின் நிலையத்திற் பயின்று வேலூர் மீண்டு, அங்குப் புனர்வாழ்வு மருத்துவத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966ஆம் ஆண்டில் அங்குப் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தாம் பேர்த்தில் கற்றதை ஏழை உழவருக்கும் கூலியாளருக்கும் ஏற்ற வகையிற் பயிற்றுவித்தமை அவரது தனிச் சாதனையாகும். 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986இல் அவர் மறைந்தார். ஊறுற்ற பின் அவர் வாழ்ந்த காலம் 32 ஆண்டுகள். ஊறுறுவதற்கு முன் வாழ்ந்த 29 ஆண்டுகளினும் அது மிகுதி.

படிகளும் வாயில்களும்

இதுவரை நோக்கியவற்றுள் உடலைக் காத்தல் முதற்படி. உடலையும் உள்ளத்தையும் பயிற்றித் தொழிலுக்கு மீட்டல் இரண்டாம் படி. இவ்விரண்டும் நிறைவேறிய பின்னரும் ஒரு தடை எஞ்சியிருந்தது. அதனைத் தெளிவாகச் சுட்டியவர்களுள் ஒருவர் ஸ்ரோக் மண்டவிலின் பழைய நோயாளியாகிய விக் பின்கெல்ஸ்ரீன். தென்னாபிரிக்காவில் 1954ஆம் ஆண்டில் கோலூன்றிப் பாயும்போது கழுத்து முறிந்து, ஸ்ரோக் மண்டவிலிற் சிகிச்சை பெற்று மீண்ட அவர், நிறவெறி ஆட்சியை எதிர்த்தமைக்காகச் சிறையிடப்பட்டார். விடுதலையான பின் பல இடங்களுக்குச் செல்வதைத் தடுக்கும் உத்தரவு அவர்மீது விதிக்கப்பட்டது. அவ்வாறு விலக்கப்பட்ட இடங்களுட் பலவற்றுக்குச் சக்கர நாற்காலியிற் செல்லும் தம்மால் முன்னரே நுழைய முடிந்ததில்லை என்பது அப்போது அவருக்குப் புலனாயிற்று. ஒரு தடையைச் சட்டம் விதித்தது. மற்றதைக் கட்டடங்கள் விதித்தன.

1968இல் பிரித்தானியாவுக்கு அகதியாக வந்த பின்கெல்ஸ்ரீன், போல் ஹண்ட் முதலியோருடன் சேர்ந்து 1970களில் வலுவிழந்தோர் இயக்கமொன்றைக் கட்டியெழுப்பினார். உடலின் ஊறு வேறு, அவ்வூறுடையோரைச் சமுதாயம் ஒதுக்குவதால் விளையும் இயலாமை வேறு என்பது அவ்வியக்கத்தார் வகுத்த அடிப்படைக் கருத்து. முன்னதை மருத்துவர் கவனிக்கலாம். பின்னதை நீக்கும் பொறுப்புச் சமுதாயம் முழுவதற்கும் உரியது. குட்மனின் நெறி தனிமனிதனை உலகுக்கு ஏற்பப் பயிற்றியது. பின்கெல்ஸ்ரீனின் தலைமுறை உலகினை மனிதனுக்கு ஏற்பத் திருத்துமாறு கேட்டது. இவ்விரண்டும் முரண்பட்டவை போலத் தோன்றினும், முன்னது இன்றேல் பின்னதைக் கேட்பதற்கு எவரும் உயிரோடு இருந்திரார் என்பது மறுக்கவொண்ணாதது. 1977இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலே வலுவிழந்தோர் அரசாங்கக் கட்டடமொன்றினுள் மூன்று வாரங்களுக்கும் மேலாக அமர்ந்து போராடியமையும், 1990ஆம் ஆண்டு அந்நாட்டில் நிறைவேறிய சட்டமும், 2006ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையும் இவ்வழியில் வந்த மைல்கற்களாகும்.

இலங்கையில் வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் இயற்றப்பட்டது. பொதுக் கட்டடங்களுக்குள் எவரும் நுழையக்கூடிய வசதிகள் பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வெளிவந்தன. எழுதப்பட்ட விதி செயற்படாதிருந்தமையை வழக்காக்கியவர் அஜித் பெரேரா ஆவார். இரசாயன அறிஞராகவும் கிரிக்கெட் நடுவராகவும் விளங்கிய அவர், 1992ஆம் ஆண்டில் தாம் சென்ற மோட்டார் வாகனத்தின்மீது பெருமரமொன்று வீழ்ந்தமையால் முண்ணாண் ஊறுற்றவர். அவர் தொடர்ந்த அடிப்படை உரிமை வழக்கிலே, புதிய பொதுக் கட்டடங்களில் வாயில்களும் மலசலகூடங்களும் உட்பட யாவும் வலுவிழந்தோர் பயன்படுத்தத்தக்கனவாக அமைதல் வேண்டும் என 2011ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் திகதி உயர் நீதிமன்றம் பணித்தது. 2016இல் இலங்கை ஐ. நா. உடன்படிக்கையையும் ஏற்றுறுதி செய்தது. 2020இல் அஜித் பெரேரா காலமானார்.

சட்டத்துக்கும் வாழ்வுக்கும் இடையிலுள்ள தொலைவினைப் பல்கலைக்கழகத்தார் வெளியே தேடவேண்டியதில்லை. விரிவுரை மண்டபமும் நூலகமும் பரீட்சை மண்டபமும் பொதுக் கட்டடங்களே. மின்தூக்கியற்ற மேல்மாடியிலே நடைபெறும் விரிவுரை, கழுத்து முறிந்தும் அறிவு குன்றாத மாணவர் ஒருவருக்கு அந்த எகிப்தியச் சுருளின் தீர்ப்பையே வேறு வகையில் வழங்குகிறது. நாட்டின் தேவையும் சிறியதன்று. பனை, தென்னை முதலிய மரங்களிலிருந்து வீழ்தலும் வீதி விபத்துகளும் இங்கு முண்ணாண் ஊற்றுக்கு முக்கிய காரணங்களாக உள்ளன. 2009இல் முடிவுற்ற போரிலே குண்டினாலும் எறிகணையினாலும் ஊறுற்று வடக்கிலும் கிழக்கிலும் வாழ்வோர் உளர். அதே போரில் ஊறுற்ற படைவீரரும் தெற்கின் கிராமங்களில் உளர். றாகமையிலுள்ள புனர்வாழ்வு வைத்தியசாலை போன்ற நிலையங்களிற் பயிற்சி பெற்று வீடு திரும்புவோரை எதிர்கொள்வன மணல் ஒழுங்கையும், உயர்ந்த வாசற்படியும், குந்து மலசலகூடமும், எட்டாத கிணற்றடியுமே. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டும் பொறுப்பு அங்குத் தாயின்மீதோ மனைவியின்மீதோ விழுகிறது. வறிய நாடுகளிலே வைத்தியசாலையில் உயிர் காக்கப்பட்டோர் பின்னர் வீட்டிலே பழைய இரு கொலைஞராகிய படுக்கைப்புண்ணுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் இரையாவது இன்னும் நின்றபாடில்லை.

முடிபு

முண்ணாண் ஊறுற்றோரின் வரலாறு உணர்த்தும் உண்மைகள் இரண்டு. தீராதது என்பதும் வாழத்தகாதது என்பதும் ஒன்றல்ல என்பது முதலாவது. எகிப்திய மருத்துவன் கூறிய தீர்ப்பின் முற்பகுதி இன்றும் மெய்யே. முண்ணாண் மீளப் பொருந்துவதில்லை. அதினின்றும் பிற்காலத்தார் வருவித்துக்கொண்ட முடிவே பொய்யாயிற்று. முழுவாழ்வு என்பது தனியொருவரின் மனவுறுதியால் மட்டும் அமைவதன்று என்பது இரண்டாவது. மேரி வர்கீஸின் உறுதி போற்றத்தக்கதே. எனினும், அவருக்கு ஓர் ஆசிரியர் வழி காட்டினார்; ஒரு கல்லூரி சத்திரசிகிச்சைக் கூடத்தைத் திறந்துவிட்டது; பேர்த்தும் நியூயோர்க்கும் பயிற்சி அளித்தன. அத்தகைய வாய்ப்பின்றி அதே உறுதியோடு மறைந்தோர் எண்ணிறந்தோர். அரும்பெருஞ் சாதனையாளரைப் பாராட்டி மேடையேற்றுதல் ஒரு சமுதாயத்துக்கு எளிது. சாதனை எதுவும் புரியாத ஒருவர் தடையின்றிப் பேருந்தில் ஏறி வேலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்புவதற்கு வழி செய்தல் அரிது. மருத்துவம் தன் பங்கினை 1944 தொடக்கம் பெருமளவு நிறைவேற்றியுள்ளது. எஞ்சிய பங்கு கட்டடம் அமைப்போருக்கும், வீதி இடுவோருக்கும், தொழில் வழங்குவோருக்கும், கல்வி நிலையங்களை நடத்துவோருக்கும் உரியதாய் இன்னும் நிலுவையில் உள்ளது.